இதய நோயாளி இருக்கும் வீட்டில் உப்புக் குறைத்த பொங்கல் விருந்து: முழுமையான வழிகாட்டி

மாமாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்தைத் தாண்டக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு வந்த முதல் பொங்கலில், எல்லாரும் செய்வதையேதான் நானும் செய்தேன். குழம்பு, பொரியல், வடை என்று எல்லாவற்றிலும் உப்பைப் பாதியாக்கினேன். எல்லாமே சப்பென்று இருந்தது. "இன்னாம்மா, உப்பு போட மறந்துட்டியா?" என்றார் மாமா. அத்தை ஒன்றும் பேசாமல் ஊறுகாய் ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். மூன்றாம் நாள் காலையில் அவர் கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது, உடம்பில் நீர் கோத்திருந்தது.

அதற்குப் பிறகு நான்கு பொங்கல் சமைத்தாயிற்று. ஓரகத்திக்கும், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கும் சொல்லிக் கொடுத்தும் ஆயிற்று. எல்லாரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். பெரும்பாலும் சமையலில் கோளாறு இல்லை, எதை எப்போது செய்வது என்ற வரிசையில்தான் கோளாறு. கீழே உள்ள அளவுகள் ஆறு பேருக்கானவை.

1. முதலில் டாக்டரிடம் மூன்று கேள்வி

பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பே, அடுத்த செக்கப்பில் கேட்டுவிடுங்கள். பண்டிகை நெருங்கிவிட்டால் ஃபோனில் யாரையும் பிடிக்க முடியாது.

ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம்? "உப்பைக் குறைங்க" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், எண்ணாகக் கேளுங்கள். திடகாத்திரமான பெரியவர்களுக்கே 2,000 மில்லிகிராமுக்குக் கீழ், அதாவது 5 கிராம் உப்புக்குக் கீழ் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் வீட்டு நோயாளிக்கு எவ்வளவு என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பொட்டாசியத்துக்குக் கட்டுப்பாடு உண்டா? சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கும், இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கிற ஸ்பைரனோலாக்டோன், எனலாப்ரில், டெல்மிசார்டன் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். ஏறினால் இதயத் துடிப்பே தடம் புரளும். பொங்கல் காய்கறிகளில் பாதிக்கு மேல் பொட்டாசியம் நிறைந்தவை: சர்க்கரைவள்ளி, பூசணி, மொச்சை. கட்டுப்பாடு உண்டு என்றால் கிழங்கை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சேர்க்க வேண்டும். அளவும் குறைய வேண்டும்.

தண்ணீர் அளவு உண்டா? உண்டு என்றால் ரசம், மோர், குழம்பு, பாயசம் எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும். இதை மறக்காதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

2. மார்கழி பிறந்ததுமே நாக்கைப் பழக்குங்கள்

நேற்று வரை வழக்கமான உப்பில் சாப்பிட்ட நாக்கு இன்றைக்கு மாறாது. மூன்று நான்கு வாரம் குறைந்த உப்பில் ஓட்டினால், முன்பு சப்பென்று இருந்ததே சரியான உப்பாகத் தெரியும். பழைய குழம்பை அப்போது வாயில் வைத்தால் கரிக்கும்.

இந்தப் பயிற்சி நோயாளிக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். சமைக்கிறவர் நாக்குதான் முதலில் மாற வேண்டும். உப்பு பார்ப்பது நீங்கள்தானே.

3. உப்பைக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எங்கள் கணக்கு இது. மாமாவுக்கு நாளுக்கு 2,000 மில்லிகிராம். விருந்துச் சாப்பாட்டுக்கு 600 ஒதுக்குகிறேன். மீதி காலைப் பலகாரத்துக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும். அந்த 600இல் பால், தயிர், காய்கறி, கீரை ஆகியவற்றில் இயல்பாகவே இருக்கும் சோடியத்துக்கு 100 கழித்துவிடுகிறேன். மிச்சம் 500. ஒரு கிராம் உப்பில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் இருப்பதால், தலைக்கு ஒன்றேகால் கிராம் உப்பு. ஆறு பேருக்கு ஏழரை கிராம். தூள் உப்பு என்றால் 5 மில்லி அளவு ஸ்பூனில் தலைதட்டி ஒன்றேகால் ஸ்பூன். விருந்து மொத்தத்துக்கும் அவ்வளவுதான்.

காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன்பே இந்த ஏழரை கிராமை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, உப்பு ஜாடியை ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போகும். போட்டது போடாதது உங்களுக்கே தெரியாது. கிண்ணம் காலியானால் உப்பு தீர்ந்தது, கதை முடிந்தது.

கல்லுப்பை ஸ்பூனால் அளக்காதீர்கள். கல் பெரிதாக இருந்தால் இடையில் காற்று, எடை குறைவு. சின்னதாக இருந்தால் எடை கூடும். மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள், அல்லது சமையலறைத் தராசில் நிறுத்துவிடுங்கள்.

"நாங்க இந்துப்பு தான் சேர்க்கிறோம், ஒண்ணும் ஆகாது" என்று ஓரகத்தி வாதாடினாள். இந்துப்பும் ஏறக்குறைய முழுக்க அதே சோடியம் குளோரைடுதான். நிறம் ரோஸாக இருக்கிறது என்பதற்காக இதயம் சலுகை தராது. கடையில் 'லோ சோடியம்' என்று விற்கிற உப்பு வேறு சங்கதி. அதில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறார்கள். முதல் பிரிவில் சொன்ன மாத்திரைக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

4. சாமான் வாங்கும்போதே பாதி வேலை

கிண்ணத்து உப்பு கண்ணுக்குத் தெரிகிற உப்பு. தெரியாமல் உள்ளே வருகிற உப்பைக் கடையிலேயே மடக்க வேண்டும்.

புளி. இதில் ஏமாறாதவர்கள் குறைவு. புதுப்புளி இறங்குவது தை கடந்துதான் பெருகும். பொங்கலுக்கு நம் கையில் இருப்பது போன வருஷத்துப் பழம்புளி. பூச்சி விழாமல் இருக்கக் கல்லுப்பு தூவிப் பானையில் அடைப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த உப்பெல்லாம் கரைசலில் இறங்கிவிடும். ஒரு சுளையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள், புளிப்புக்கு முன்னால் கரிப்பு வந்தால் அந்தப் புளி வேண்டாம். கடையில் "உப்பு போடாத புளி" என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தக்காளியைக் கூட்டி, கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள்.

பொடிகள். பாக்கெட் சாம்பார்ப் பொடி, குழம்புப் பொடி சிலவற்றில் உப்பு கலந்திருக்கும். இஞ்சி பூண்டு விழுதிலும் அப்படித்தான். பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருக்கும். அந்த ஒரு வரியைப் பாருங்கள், முன்பக்கத்துப் படங்களை விட்டுவிடுங்கள்.

சோடா உப்பு. மாவு உப்ப, கொண்டைக்கடலை சீக்கிரம் வேக என்று ஒரு சிட்டிகை போடுவோம். இது கரிக்காது, அதனால் கணக்கிலேயே வராது. ஆனால் எடையில் கால்பங்குக்கு மேல் சோடியம்தான். ஒரு ஸ்பூன் போட்டால் 1,200 மில்லிகிராமுக்கு மேல் போயிற்று. அப்பளத்தில் உப்பும் உண்டு, அப்பளக் காரமும் உண்டு, அதிலும் சோடியம்தான். மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், வடகம் மூன்றும் உப்பில் ஊறிக் காய்ந்தவை. இவை எதுவும் அன்றைக்கு வேண்டாம். சாப்பாடு மந்தமாக இருக்கிறது என்று நுரை பொங்கும் செரிமானப் பொடியைக் கரைத்துக் குடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலும் கணிசமான பங்கு சோடா உப்புதான்.

தண்ணீர். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு என்று பல வீட்டில் சாஃப்ட்னர் வைத்திருக்கிறார்கள். கல்லுப்பு கொட்டி ஓடும் அந்த மெஷின் சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுகிறது. குளிக்க நல்லது, குழம்புக்கு வேண்டாம். சமைக்கக் குடிநீரையே எடுங்கள்.

இனி வாங்க வேண்டியவை. பச்சை மொச்சை, அவரை, பூசணி, சர்க்கரைவள்ளி, சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மாங்காய் இஞ்சி, எலுமிச்சை, கறிவேப்பிலை, தோலோடு பச்சை வேர்க்கடலை. கத்தரிக்காய்க்கு மட்டும் நேதாஜி மார்க்கெட்டில் இரண்டு கடை கூடுதலாக ஏறி இறங்குங்கள். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் அதுதான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் என்பதற்காகச் சொல்லவில்லை. காய்க்கே ருசி இருந்தால் உப்பின் உதவி குறைவாகத் தேவைப்படும், அதற்காகச் சொல்கிறேன். காம்பு கையைக் குத்தும், பார்த்து எடுங்கள்.

5. உப்பைப் பங்கு போடாதீர்கள், ஒரே இடத்தில் குவியுங்கள்

என் முதல் பொங்கல் கெட்டது இங்கேதான். இருக்கிற கொஞ்ச உப்பை எல்லாப் பாத்திரத்துக்கும் சமமாகப் பிரித்தால் எல்லாமே அரைகுறை. சிலவற்றை அறவே உப்பில்லாமல் செய்துவிட்டு, மிச்சத்தை நாக்கு அதிகம் தேடும் ஒன்றிரண்டில் போட வேண்டும். சோற்றோடு பிசைந்து வாயில் வைக்கும்போது மொத்தமாகச் சேர்ந்துகொள்ளும்.

கிண்ணத்தில் இருக்கும் ஒன்றேகால் ஸ்பூன் எங்கள் வீட்டில் இப்படிப் போகிறது: குழம்புக்கு முக்கால், அவரைப் பொரியலுக்குக் கால், இலையில் தூவக் கால். வெள்ளைப் பொங்கல், சர்க்கரைப் பொங்கல், வடை, பச்சடி, மாங்காய் இஞ்சித் துண்டு இவற்றுக்கு ஒன்றும் கிடையாது. ரசம் வைப்பதே இல்லை. ரசமில்லாத விருந்தா என்று அத்தை முதல் வருஷம் முகம் சுளித்தார். ஆனால் ரசத்துக்கு உப்பு வேண்டும், அதோடு தண்ணீர்க் கணக்கும் ஏறும். இரண்டு செலவுக்கும் ஈடான ருசி அதில் இல்லை என்பது என் முடிவு.

நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் செய்யாதீர்கள். ஒரே பந்தியில் அவர் இலையில் மட்டும் வேறு குழம்பு விழுந்தால் அவர் மனசு பக்கத்து இலையில்தான் இருக்கும். பேரப்பிள்ளைகள் பாவப்பட்டு ஒரு அப்பளம் ஒடித்துக் கொடுப்பார்கள், அதோடு கணக்கு போச்சு.

6. போகியன்றே முடிக்க வேண்டியவை

குழம்புத் தூள் வறுத்து அரைப்பது முக்கியம். தனியா மூன்று மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஆறு, மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், வெந்தயம் கால் ஸ்பூன். தனித்தனியாக வறுங்கள், சிறுதீயில். தனியா வாசனை வந்து லேசாகச் சிவக்க வேண்டும். மிளகு வெடிக்க ஆரம்பிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தனியா வறுபடுவதற்குள் வெந்தயம் கருகிவிடும். உப்புள்ள குழம்பில் அந்தக் கசப்பு ஓரளவு மறையும், உப்புக் குறைந்த குழம்பில் மறைய இடமில்லை. உப்பு குறையும்போது மற்ற எல்லாத் தவறும் பெரிதாகத் தெரியும் என்பதை மனசில் வையுங்கள்.

வேர்க்கடலை ஒரு கைப்பிடி வறுத்துத் தோல் நீக்கி வையுங்கள். தேங்காய்க்குப் பதிலாக இதைத்தான் அரைத்து விடுகிறேன். கொழுப்பு வகையில் இதயத்துக்கு இதுவே மேல், குழம்பும் கெட்டியாகும். பாக்கெட் உப்புக்கடலை ஆகாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒரு தம்பி அதைத்தான் வாங்கி வந்தான்.

மொச்சையை உரித்து வையுங்கள். உளுந்தை மறுநாள் காலையில் ஊறப்போட்டால் போதும்.

7. பானைப் பொங்கல்

இது சுலபம். வாசலில் பொங்குகிற வெள்ளைப் பொங்கலுக்குப் பச்சரிசியும் பாலும் தண்ணீரும்தான், எங்கள் வீட்டில் எப்போதுமே உப்பில்லை. மிளகு சீரகம் நெய்யில் தாளித்த டிபன் பொங்கலை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சர்க்கரைப் பொங்கலில் தித்திப்பு எடுப்பாகத் தெரிய ஒரு சிட்டிகை உப்பு போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஏலக்காயைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆறு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி நெய் போதும், அதையும் கடைசியில் விடுங்கள். முதலிலேயே விட்டால் அரிசி குடித்துவிடும், வாசனை மேலே நிற்காது, நீங்கள் இன்னும் இரண்டு கரண்டி விடுவீர்கள். வெல்லம் உடம்புக்கு நல்லது என்று இரண்டாம் முறை போட்டுக்கொள்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை, கரண்டியைச் சின்னதாக மாற்றிவிட்டேன்.

8. பொங்கல் குழம்பு

விருந்தின் உப்பில் பாதிக்கு மேல் இதற்குள் போகிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

மண்சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை. சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல் போட்டு வதக்குங்கள். "கண்ணாடி மாதிரி ஆனதும் போதும்" என்பது உப்புள்ள சமையலுக்கு. இங்கே வெங்காயத்தின் ஓரம் நன்றாகச் சிவக்கும் வரை விடுங்கள், எட்டு பத்து நிமிஷம் ஆகும். வெங்காயம் வதக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு போடுகிற கை இந்த இடத்தில்தான் நீளும். ஜாடி ஸ்டோர் ரூமில் இருப்பது இதற்காகத்தான்.

பிறகு தக்காளி இரண்டு, குழையட்டும். நான்கு முள்ளு கத்தரிக்காயைப் பிளந்து போட்டு எண்ணெயிலேயே புரட்டுங்கள். மொச்சை ஒரு கப், அவரை ஒரு கைப்பிடி, தண்ணீர், அரைத்த தூள். மொச்சை முக்கால் பதம் வெந்ததும் பூசணியும் சர்க்கரைவள்ளியும். முன்பே போட்டால் அவை கரைந்து குழம்பு மொத்தமும் தித்திக்கும். தித்திப்பு கூடினால் உப்பு போதவில்லை என்று நாக்கு ஏமாறும்.

காய் வெந்த பிறகுதான் புளி, எலுமிச்சை அளவு. பச்சை வாசனை போனதும் வேர்க்கடலை விழுது. மொத்தம் ஒன்றே கால் லிட்டர் அளவுக்கு வந்ததும் அடுப்பை அணையுங்கள்.

உப்பு இப்போது. அணைத்த பிறகு, கிண்ணத்திலிருந்து முக்கால் ஸ்பூன், கலக்கி மூடி பத்து நிமிஷம். கொதிக்கும்போது போட்டால் குழம்பு எவ்வளவு சுண்டும் என்று தெரியாமல் போட்டதாகிவிடும். கொதிக்கக் கொதிக்க உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்ப்பதும் பிசகு. சூடுதான் தெரியும், உப்பு தெரியாது. வெதுவெதுப்பானதும், சோறு இரண்டு பருக்கையோடு சேர்த்துப் பாருங்கள். போதவில்லை என்று தோன்றினால் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, வறுத்த சீரகப் பொடி தூவி மறுபடி பாருங்கள். பத்தில் எட்டு தடவை குறை உப்பில் இருக்காது, புளிப்பில் இருக்கும்.

9. பக்க பதார்த்தங்கள்

வடைக்கு உளுந்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்து, கையால் அடியுங்கள். ஒரு சொட்டு தண்ணீரில் மிதந்தால் பதம். சோடா தேவையே இல்லை. இஞ்சி, பச்சை மிளகாய், ஒன்றிரண்டாக உடைத்த மிளகு தாராளமாகப் போடுங்கள். உப்பில்லாததில் ஒரு லாபம் உண்டு: மாவு நீர்த்துப்போகாது. ஆளுக்கு ஒன்று.

அவரைப் பொரியலில் பொடித்த வேர்க்கடலையும் பூண்டும், இறக்கிய பின் கால் ஸ்பூன் உப்பு. பச்சடிக்கு வீட்டுத் தயிர், வெள்ளரி, சீரகம். ஊறுகாய்க்குப் பதில் மாங்காய் இஞ்சியை மெல்லியதாக நறுக்கி எலுமிச்சைச் சாற்றில் ஒரு மணி நேரம் போடுங்கள், பச்சை மிளகும் கிடைத்தால் சேருங்கள்.

10. பரிமாறும்போது

இலை போட்டதும் ஓரத்தில் உப்பு வைக்கிற வழக்கத்தை நான் எடுக்கவில்லை. கிண்ணத்தில் மிஞ்சிய கால் ஸ்பூனை அம்மியில் மைபோலப் பொடித்து ஆறு பங்காக்கி, ஆளுக்கு ஒரு சிட்டிகை வைக்கிறேன். வடையின் மேல் அதைத் தூவிக்கொண்டால் நாக்கில் நேராகப் படும். மாவுக்குள் நாலு மடங்கு போட்டாலும் அந்த எடுப்பு வராது. மாமா அந்தச் சிட்டிகையை மூன்றாகப் பிரித்து, வடைக்கு, கத்தரிக்காய்க்கு, கடைசி வாய்ச் சோற்றுக்கு என்று வைத்துக்கொள்வார். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

குழம்பை 200 மில்லி கரண்டியால் ஊற்றுங்கள். மறு குழம்பு கேட்டால் காயாக எடுத்து வையுங்கள்.

11. மறுநாள்

மீந்த குழம்பைச் சுண்டவைத்துச் சாப்பிடும் ருசி எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் வற்றுகிறதே தவிர உப்பு வற்றுவதில்லை. பாதியாகச் சுண்டிய குழம்பில் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியின் உப்பு. மிஞ்சும் என்று தெரிந்தால் உப்பு போடும் முன்பே ஒரு பங்கைத் தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, உப்பின் பங்கையும் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், சாப்பிடுமுன் அவரை எடை பாருங்கள். பொங்கலுக்கு முந்தின நாள் எடையோடு ஒப்பிட்டுத் தொடர்ந்து மூன்று நாள் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கறியும் கருவாடும் வருகிற நாளுக்கு என்னிடம் பாதி பதில்தான் இருக்கிறது. கறிக் குழம்பை மேலே சொன்ன முறையிலேயே வைத்துவிடலாம். கருவாட்டை எத்தனை தண்ணீரில் அலசினாலும் எனக்குத் திருப்தியான அளவுக்கு உப்பு இறங்கவில்லை. அதனால் மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட அந்தக் குழம்பில் இப்போது ஏரி மீனைப் போடுகிறேன். வாசனை வராது என்று மாமா இன்னும் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், இரண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டே.